சீனியின் பதினாறு நாள் கர்ப்பம்

2023 நவம்பர் 10, வெள்ளிக்கிழமை இரவு. தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்குள்ளாகவே வெடி போட ஆரம்பித்திருந்தார்கள். எடை பார்ப்பதற்காக, நாங்கள் வளர்க்கும் சுகர் கிளைடர் என்ற சிறு விலங்கான சீனியைத் துணிப்பையிலிருந்து வெளியே எடுத்தபோது, அவளுடைய வயிற்றின் நடுவில், ஓட்டோடு கூடிய நிலக்கடலை அளவுக்கு ஒரு புடைப்பு தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள். “பிள்ளத்தாச்சியால்லா இருக்கா! எத்தன மாசம் ஏட்டி?” என்று கேட்டாள்.

அதற்கு என்னால் நேராக விடை சொல்ல முடியவில்லை, ஏனென்றால் சீனி அன்றைக்குக் கர்ப்பமாகவே இல்லை. அவள் பிள்ளை பெற்று மூன்று நான்கு வாரங்கள் கடந்திருந்தன. வீட்டில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. சுகர் கிளைடரின் கர்ப்ப காலம் 15 முதல் 17 நாட்கள்தான். பிறக்கும் குட்டியின் எடை சுமார் 0.2 கிராம், அதாவது பத்து அரிசி மணிகளைச் சேர்த்து வைத்தால் வரும் எடை. கண்ணும் காதும் உருவாகாத, பின்னங்கால்கள் மொட்டாக மட்டும் இருக்கிற அந்த உயிர், முன்னங்கால்களால் தாயின் மயிரைப் பற்றித் தானே ஊர்ந்து வயிற்றுப் பைக்குள் இறங்கி ஒரு காம்பைக் கவ்விக்கொள்கிறது. காம்பு அதன் வாய்க்குள் வீங்கிக் கெட்டியாகிவிடுவதால் பிறகு எளிதில் விடுபடாது. அங்கேயே 60 முதல் 70 நாட்கள் தொங்கிக்கொண்டு அது வளர்கிறது. வெளியே இருந்து பார்க்கிற நமக்குப் புடைப்பு தெரிவதே மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான். ஆகவே ‘என் கிளைடர் கர்ப்பமாக இருக்கிறது, என்ன கொடுக்கலாம்?’ என்று ஒருவர் கேட்கும்போது, பெரும்பாலும் அவர் கேட்பது பால் கொடுக்கிற தாய்க்கு என்ன கொடுக்கலாம் என்பதைத்தான்.

நான் இதை விளக்கியபோது ஆச்சி நம்பவில்லை. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்தில் நாற்பது வருடம் பிரசவங்களுக்குக் கூடமாட நின்றவள் அவள். “பதினாறு நாளா? கோழி முட்டையே பொரிய இருவத்தொரு நாள் ஆவும்லா” என்றாள். கணக்கு சரிதான், அதற்கு மேல் என்னிடமும் வாதம் இல்லை.

சீனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து வெளிநாட்டுக்குப் போன ஒரு தோழி, தான் வளர்த்த கிளைடர் ஜோடியை அந்த ஆண்டு தை மாதம் கூண்டோடு எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். இனிப்பை நாடுவதாலும் மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் போவதாலும் வந்த பெயர் சுகர் கிளைடர். திருநெல்வேலிப் பக்கத்தில் நாங்கள் சர்க்கரையைச் சீனி என்றுதான் சொல்வோம் என்பதால், பெண் சீனியானாள். நெற்றியில் வழுக்கை விழுந்த ஆண் கருப்பட்டியானான். அந்த வழுக்கை நோயல்ல, ஆணின் வாசனைச் சுரப்பி இருக்கும் இடம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் இதைப் பாபநாசம் மலையில் இருக்கிற பறக்கும் அணில் என்றே நினைத்தார்கள். அதுவும் இதுவும் உறவே இல்லை. நம் மலையில் இருப்பது அணில் இனம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிற விலங்கு அது, வீட்டில் வைக்கக் கூடாது. சீனி ஆஸ்திரேலியா, நியூகினியா பக்கத்துப் பைப்பாலூட்டி, கங்காருவின் தூரத்துச் சொந்தம். முன்னங்கை விரலிலிருந்து பின்னங்கால் வரை விரியும் தோல் இருப்பதால் பார்வைக்கு மட்டும் ஒன்றுபோலத் தெரிகிறது.

வளர்ந்த கிளைடரின் எடை 80 முதல் 160 கிராம் வரை. அவ்வளவு சிறிய உடம்பு இரண்டு குட்டிகளுக்குப் பல வாரங்கள் பால் சுரக்க வேண்டும் என்றால், அதற்கான சரக்கு எங்கிருந்தோ வந்தாக வேண்டும். தட்டில் இல்லாவிட்டால் எலும்பிலிருந்து வரும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அதை முதலில் எழுதிவிடுவதுதான் முறை.

அந்த ஆண்டு ஏப்ரலிலேயே சீனிக்கு ஒரு முறை புடைப்பு தெரிந்திருந்தது. அப்போது எனக்கு எதுவும் தெரியாது. வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடை ஒன்றில் விசாரித்தபோது, பழமும் பாலில் நனைத்த ரொட்டியும் போதும் என்றார்கள். நானும் வாழைப்பழம், ஆப்பிள், ரொட்டி என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் அவளைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். அக்னி நட்சத்திரம் தொடங்கியது. மாடி அறையில் மதியம் வெப்பமானி 38 டிகிரியைத் தாண்டியது. இந்த விலங்குக்கு 24 முதல் 27 டிகிரிதான் சுகமான வெப்பம், 32க்கு மேல் போனாலே அதற்குத் திணறல். மே இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் பை தட்டையாக இருந்தது. கூட்டுக்குள் எதுவும் இல்லை. அச்சமோ பசியோ மிஞ்சினால் தாய் குட்டியைத் தின்றுவிடும் என்று பிறகு படித்தேன். சத்துக் குறைவா, சூடா, என் கையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் நான் செய்ததுதான்.

அதோடு முடியவில்லை. பத்து நாள் கழித்துச் சீனி கிளையிலிருந்து இறங்கும்போது பின்னங்கால் ஒன்றை இழுத்து இழுத்து வைத்தாள். எடை 92 கிராமுக்கு இறங்கியிருந்தது. நான் கொண்டுபோன கால்நடை மருத்துவர் இந்த விலங்கை அதுவரை பார்த்ததில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. எலும்புகள் சாம்பல் கோடு போல மங்கலாக இருந்தன. “கன்று போட்ட மாட்டுக்குப் பால் காய்ச்சல் வருவதைப் பார்த்திருப்பீங்களே, ரத்தத்துல இருக்கிற சுண்ணாம்பு எல்லாம் மடிக்குப் போயிடும். இதுக்கு அது மெதுவா, எலும்புலேருந்து நடந்திருக்கு” என்றார். கால்சியம் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். உயரத்திலிருந்து விழாமல் இருக்கக் கூண்டின் மேல்தட்டுகளை எடுத்துவிடச் சொன்னார். ஆறு வாரத்தில் கால் தேறியது. தேறாமலே போகிற கிளைடர்களும் உண்டு.

இந்த நோயின் காரணம் எளிமையானது. உணவில் பாஸ்பரஸ் கூடி கால்சியம் குறைந்தால், உடம்பு ரத்தத்தின் கால்சிய அளவைக் காப்பாற்றுவதற்காக எலும்பைக் கரைக்கிறது. பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை இருக்க வேண்டும். நான் கொடுத்துவந்த வாழைப்பழத்தில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல். இந்தக் கணக்கு எந்தக் கிளைடருக்கும் பொருந்தும். பால் கொடுக்கிறவளுக்கோ அது வட்டியோடு திரும்பி வரும். கர்ப்பம் நம் கண்ணுக்குத் தெரியாமலே முடிந்துவிடுகிறது என்பதால், தெரிந்த பிறகு சத்துணவு கொடுக்கலாம் என்று காத்திருக்க இடமே இல்லை. ஆணோடு சேர்ந்து வாழ்கிற பெண் கிளைடருக்கு எந்த நாளும் பிள்ளைத்தாய்ச்சியின் சாப்பாடுதான் போட வேண்டும் என்பது அன்று எடுத்த முடிவு. ஜூனிலிருந்து அப்படியே நடந்தது. அதனால்தான் நவம்பரில் நிலக்கடலை தெரிந்தபோது நான் பதறவில்லை. தட்டில் எதையும் அவசரமாக மாற்ற வேண்டியிருக்கவில்லை, கூட்டத்தான் வேண்டியிருந்தது.

தட்டின் பாதி, லெட்பீட்டர் கலவை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் சின்னமாக இருக்கிற லெட்பீட்டர் போஸம் (possum) என்ற அருகிவரும் விலங்கின் பெயரால் அழைக்கப்படும் இந்தக் கலவையைக் கிளைடர்களுக்கும் கொடுக்கிறார்கள். 150 மில்லி வெந்நீர், 150 மில்லி தேன், ஓடு நீக்கிய ஓர் அவித்த முட்டை, புரதம் மிகுந்த குழந்தைத் தானிய உணவு 25 கிராம், உயிர்ச்சத்தும் தாது உப்பும் கலந்த தூள் ஒரு தேக்கரண்டி. வெந்நீரில் தேனைக் கரைத்து, முட்டையை மிக்சியில் அடித்துச் சேர்த்து, கடைசியில் தானிய மாவைக் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். நான் இதை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, மாலையில் ஆளுக்கு ஒரு கட்டி எடுத்து இளக வைப்பேன். தேன் மட்டும் நல்ல தேனாக இருக்க வேண்டும். கருப்பட்டிப் பாகைத் தேன் என்று விற்கிற ஆட்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

மறு பாதி பூச்சியும் புரதமும். தென்கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளில் கிளைடர்கள் குளிர்காலத்தில் மரப் பிசினையும் யூக்கலிப்டஸ் சாற்றையும் நம்பி வாழ்கின்றன; பூச்சிகள் பெருகும் பருவத்தை ஒட்டித்தான் அங்கே குட்டிகள் வளர்கின்றன. பால் சுரக்கப் புரதம் வேண்டும் என்பதைக் காடு அந்த வகையில் பார்த்துக்கொள்கிறது. எனக்குக் கிடைத்தது பறவை வளர்ப்போர் வாங்கும் மீல்வோர்ம் புழு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கோதுமைத் தவிடு போட்டு அடுக்களைப் பரணுக்குக் கீழே வளர்த்தேன். வீட்டில் இதற்கு எழுந்த எதிர்ப்பைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். ஆனால் இந்தப் புழுவில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல 10 மடங்குக்கும் மேல், கொழுப்பும் அதிகம். அப்படியே கொடுத்தால் பழைய தவறுதான் வேறு வழியில் வரும். அதனால் கொடுப்பதற்கு ஒன்றிரண்டு நாட்களுக்கு முன் புழுக்களைத் தனியே எடுத்து, காரட் துண்டும் கால்சியத் தூள் கலந்த கேழ்வரகு மாவும் தின்ன விட்டு, கொடுக்கும்போது மேலேயும் பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் கார்பனேட் தூளை இலேசாகத் தூவுவேன். சாதாரண நாளில் ஓர் இரவுக்கு நான்கு புழு. புடைப்பு தெரிந்த பிறகு எட்டு, கூடவே உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி நகக்கண் அளவு. வயல்வரப்பில் பிடித்த வெட்டுக்கிளியை என் மகள் ஆசையோடு கொண்டுவந்தாள். மருந்தடித்த வயலின் பூச்சியைத் தாய்க்குக் கொடுக்க மனம் வரவில்லை.

பழம் தொட்டுக்கொள்ள மட்டும். பப்பாளியும் அத்திப்பழமும் கால்சியம் கூடியவை என்பதால் அவற்றுக்கு முதலிடம். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் அதை உடம்பில் சேரவிடாது, ஆகவே விலக்கு. பாலூட்டும் விலங்குக்குப் பால் கொடுத்தால் பால் ஊறும் என்பது நம்முடைய பொதுவான எண்ணம். பசும்பாலில் உள்ள லாக்டோஸ் இவற்றுக்குச் செரிக்காது, வயிறு போய்விடும்.

எனக்கு மிகவும் நிறைவு தந்த உணவு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கருவேலம் பிசின். ஆஸ்திரேலியாவில் கிளைடர்கள் பற்களால் பட்டையைக் கீறித் தின்பது அகேசியா மரப் பிசினைத்தான். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் நிற்கிற கருவேலமும் அதற்குச் சொந்தம். பிசின் என்பது பெரும்பாலும் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் சேர்ந்த ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதை நொதிக்க வைத்துச் செரிப்பதற்கென்றே கிளைடருக்குப் பெரிய குடல்வால் பை இருக்கிறது. பிசினை இரவு முழுக்க நீரில் ஊற வைத்துக் குழம்பாக்கி, கொய்யாக் கிளையில் கத்தியால் கீறிய கோடுகளில் தடவி வைப்பேன். சீனி அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வாள். ஊரெங்கும் மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேலம் வேறு மரம்; அதன் பிசினை நான் எடுக்கவில்லை.

ஆச்சிக்கும் எனக்கும் சண்டை வந்தது பூண்டில்தான். எங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முதல் நாளிலிருந்து பூண்டு இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடு கிடையாது. நானும் என் மகளைப் பெற்றபோது பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் உண்டு, உவரியிலிருந்து அத்தை வாங்கிவந்த பால்சுறாப் புட்டும் தின்றவள்தான். “பூண்டு குடுக்காம பால் எப்படி ஊறும்? ஒத்தப் பல்லு தட்டிப் போடு” என்று ஆச்சி மூன்று நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பூண்டும் வெங்காயமும் இந்த அளவு உடம்புக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடிய பொருள்கள். நான்காம் நாள், இரண்டு பல் உரித்துக் கிண்ணத்தில் தயாராக வைத்திருந்ததைப் பார்த்து நான் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். ஆச்சி ஒன்றும் பேசாமல் அந்தப் பல்லைத் தன் கஞ்சியில் போட்டுக்கொண்டாள். சாக்லேட்டும் காப்பியும் கூடாது என்பதில் அவளுக்குக் கருத்து வேற்றுமை இல்லை. விருந்தாளிகள் கொண்டுவருகிற அல்வாவை ‘ஒரு பொட்டு, ஒரே ஒரு பொட்டு’ என்று கூண்டுக்குள் நீட்டுகிறவர்களை விரட்டும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

தொடுவதைப் பற்றி ஆச்சி சொன்னது முழுக்கச் சரி. “பெத்தவளத் தொட்டுக்கிட்டே இருக்காத. கண்ணு படும், கை படும், ரெண்டும் ஒண்ணுதான்.” கண்ணேறு எனக்கு நம்பிக்கையில்லாத விஷயம், ஆனால் முதல் முறை நடந்ததை நினைத்தால் மறுத்துப் பேச வாய் வரவில்லை. இந்த முறை நான் வயிற்றுப் பையைத் திறந்து பார்க்கவே இல்லை. வாரம் ஒரு முறை, அவளாகவே தொற்றி ஏறுகிற துணிப்பையோடு சமையலறைத் தராசில் வைத்து, பையின் எடையைக் கழித்து எழுதிக்கொள்வேன். அந்தத் துணிப்பைக்கு ஆச்சியின் சுருக்குப் பையே மாதிரி. “நான் வெத்தல பாக்கு வச்சிருக்க மாதிரி அவ பிள்ளய வச்சிருக்கா” என்று சொல்லிச் சிரிப்பாள். நவம்பர் 10 அன்று 113 கிராம். டிசம்பர் முதல் வாரத்தில், குட்டிகளோடு சேர்த்து, 122. அவளுடைய முதுகெலும்பு விரலுக்குத் தட்டாமல் இருக்கிறதா, வால் மயிர் உதிராமல் இருக்கிறதா என்பவைதான் நான் கவனித்த மற்ற அடையாளங்கள்.

கூட்டுக்கு ஆச்சி தன் பழைய நூல் சேலையைக் கிழித்துக் கொடுத்தாள். பச்சைப் பிள்ளையைப் பழைய சேலையில் கிடத்துவதுதான் வழக்கம். ஆனால் நூல் பிரிந்த துணி குட்டியின் விரலையோ காலையோ சுற்றிக்கொண்டால் ரத்தம் ஓடாமல் விரலே போய்விடும் என்பதால், நூல் பிரியாத ஃபிளீஸ் கம்பளித் துண்டைத்தான் விரித்தேன். சேலையைக் கூண்டின் மேல் மூடாக்காகப் போட்டதில் இருவருக்கும் சமாதானம். கூண்டில் உள்ள எல்லாத் துணியையும் ஒரே நாளில் துவைக்கக் கூடாது என்பது இன்னொரு பாடம். இவை வாசனையால்தான் ஒன்றையொன்று அறிகின்றன. கருப்பட்டி தன் நெற்றியைச் சீனியின் கழுத்தில் தேய்த்துப் பூசுகிற மணம் மொத்தமாகப் போய்விட்டால், சொந்த வீடே அந்நிய வீடாகிவிடும். ஒரு துண்டைத் துவைத்தால் ஒரு துண்டு அழுக்காகவே கிடக்க வேண்டும். கூண்டு மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன். தேன் இருக்கிற இடத்துக்கு எறும்பு வரும், எறும்பு வருகிற கூட்டில் கண் திறக்காத குட்டி இருக்கக் கூடாது.

தீபாவளி இரவைத்தான் அதிகமாகப் பயந்தேன். கூண்டை வேறு அறைக்கு மாற்றுவதும் அச்சம் தரும் செயல்தான் என்பதால், வெள்ளிக்கிழமை இரவே, அதாவது புடைப்பைப் பார்த்த ஒரு மணி நேரத்தில், தெருவை ஒட்டாத உள்ளறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு அதற்குப் பிறகு அசைக்கவில்லை. மூன்று பக்கமும் போர்வை, சத்தத்தை அமுக்க ஓடிக்கொண்டே இருக்கும் பழைய மேசை விசிறி. காற்று கூண்டின் மேல் படாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். ஆணைப் பிரித்துவிடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். கிளைடர் ஆண் ஒதுங்கி நிற்கிற தகப்பன் அல்ல. தாய் இரை தேடப் போகும்போது குட்டிகளைச் சூடாக வைத்துக்கொள்வதில் அவனுக்கும் பங்கு உண்டு. சரவெடி வெடித்த இரண்டு மணி நேரமும் கருப்பட்டி கூட்டு வாயில் படுத்து, மிஷின் தையல் போல ஒரு கடகடச் சத்தம் எழுப்பிக்கொண்டே இருந்தான்.

இவ்வளவு ஏற்பாட்டையும் ஒரே நாளில் கலைத்துப் போட்டது டிசம்பர் மழை. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தொடங்கிக் கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி, திருநெல்வேலிச் சந்திப்பும் வண்ணார்பேட்டையும் தண்ணீரில் நின்றன. எத்தனையோ குடும்பங்கள் வீடு வாசல் இழந்த நாளில் 120 கிராம் விலங்கைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் தெரு சற்று மேடு என்பதால் தண்ணீர் வாசற்படியோடு நின்றது. மின்சாரம் மூன்று நாள் இல்லை. அது என் கணக்கில் குட்டிகளின் 63ஆம் நாள். இந்தக் கட்டத்தில்தான் குட்டி மிக வேகமாக வளர்கிறது, தாயின் தேவையும் உச்சத்தில் இருக்கிறது; பைப்பாலூட்டிகளின் பால் குட்டியின் வயதுக்கேற்ப மாறிக்கொண்டே போய், கடைசிக் கட்டத்தில் கொழுப்பு கூடிக் கெட்டியாகும்.

முதல் நாள் மாலையே ஐஸ் தட்டில் இருந்த கலவை இளகிவிட்டது. முட்டை சேர்ந்த பொருளை அதன் பிறகு நம்ப முடியாது, கொட்டிவிட்டேன். வீட்டில் நான்கு முட்டையும் ஒரு பாட்டில் தேனும் இருந்தன. எரிவாயு அடுப்பில் முட்டையை அவித்து, மிக்சி ஓடாததால் ஆச்சியின் வெற்றிலை உரலைக் கழுவி அதில் மசித்து, கால் பங்கு அளவில் அன்றன்றைக்குக் கலவை செய்தேன். பழம் இல்லை, கோழி இல்லை. பரணுக்குக் கீழே தவிட்டில் நெளிந்துகொண்டிருந்த புழுக்களுக்கு மட்டும் வெள்ளமும் தெரியவில்லை, மின்தடையும் தெரியவில்லை. அவற்றை வெறுத்த அதே வீட்டார், இரண்டாம் நாள் இரவு டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பொறுக்கிக் கொடுத்தார்கள். சீனி எட்டுக்குப் பதில் பன்னிரண்டு தின்றாள். விசிறிச் சத்தம் நின்றதையும் மழைச் சத்தத்தையும் அவள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நாங்கள் யாரும் கூண்டுக்கு அருகில் போகவில்லை, ஒருவேளை அதனாலேயே இருக்கலாம்.

24ஆம் தேதி இரவு, கூட்டின் ஓரத்தில் ஒன்று கிடந்தது. சாம்பல் நிறப் பூ மயிர், மூடிய இமைக்கு அடியில் கறுத்த பொட்டுப் போலக் கண், மடங்கிய காது. கருப்பட்டி அதைச் சுற்றிச் சுருண்டிருந்தான். இரண்டு நாள் கழித்து மற்றொன்றும் வந்தது. இந்த நாட்களில் தாய் குட்டியைக் கூட்டில் விட்டுவிட்டு இரை தேடப் போவாள், அது கிறீச்சிடும், நாம் போய் எடுக்கக் கூடாது. தாய் திரும்பி வராமல் குட்டி குளிர்ந்துபோனால் மட்டுமே கை வைக்க வேண்டும், அப்போதும் ஊட்ட வேண்டியது பசும்பால் அல்ல, லாக்டோஸ் குறைந்த மாற்றுப் பால். எங்களுக்கு அந்த அவசியம் வரவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் கண் திறந்தது. பொங்கலுக்கு இரண்டும் தாயின் முதுகில் ஏறிக்கொண்டு தட்டு வரை வந்து, அவள் வாயோரத்தில் ஒட்டியிருந்த கலவையை நக்கின. பிப்ரவரி நடுவில் தாமே தின்னத் தொடங்கின. அதுவரை சீனியின் தட்டில் நான் எதையும் குறைக்கவில்லை. குட்டி வெளியே வந்ததும் பிரசவம் முடிந்தது என்று நினைத்துப் பழைய அளவுக்குத் திரும்புவது பெரிய தவறு, ஏனென்றால் பால் குடி அதன் பிறகும் ஆறேழு வாரம் நீடிக்கிறது. பால் மறந்த வாரத்தில் அவளுடைய எடை 106 கிராம், பின்னங்கால்களில் தளர்ச்சி இல்லை.

இதைப் படித்து யாருக்காவது ஒரு ஜோடி வாங்கும் ஆசை வந்தால், வேண்டாம் என்பேன். பத்துப் பன்னிரண்டு வருடம் வாழக்கூடிய, இரவு முழுவதும் நாய்க்குட்டி போலக் குரைக்கிற, சித்திரை வெயிலுக்கு ஆகாத விலங்கு இது. குட்டி போட்ட சில வாரங்களிலேயே மறுபடியும் இணை சேரும். குட்டிகளும் ஒரு வருடத்துக்குள் வயதுக்கு வந்து, பிரிக்காவிட்டால் அண்ணன் தங்கை என்று பார்க்காது. அதனால் மார்ச்சில் கருப்பட்டியைச் சென்னைக்குக் கொண்டுபோய், இத்தகைய விலங்குகளுக்கு அறுவை செய்து பழகிய மருத்துவரிடம் ஆண்மை நீக்கம் செய்துவந்தோம். தையலை அவன் கடிக்காமல் இருக்க மூன்று இரவு முறை போட்டு விழித்திருந்தோம். குட்டிகள் இரண்டும் பெண்கள் என்பதால் அதோடு தீர்ந்தது.

என் குறிப்பேட்டில் குட்டிகளின் பிறந்த நாள் ‘அக்டோபர் 15, ஏறத்தாழ’ என்று இருக்கிறது. ஆச்சி தன் தினசரிக் காலண்டரில் டிசம்பர் 24ஆம் தேதித் தாளைக் கிழிக்காமல் வைத்து, அதில் பென்சிலால் ‘சீனி பிள்ள’ என்று எழுதியிருக்கிறாள். உலகமெங்கும் கிளைடர் வளர்ப்பவர்களும் குட்டி பையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்துதான் வயதைக் கணக்கிடுகிறார்கள் என்று ஒரு நாள் அவளிடம் சொன்னேன். “பின்ன? வெளிய வந்தாத்தானே ஏட்டி பிள்ள” என்றாள், பாக்கை வெட்டிக்கொண்டே.